நாரையின் வெள்ளணுக்கள்

சரோல்தாவுக்குப் பொறுமை குறைவு. அவள் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த செல்லுக்கோ ஆயுள் குறைவு. இரண்டும் சேர்ந்ததில், செகெத் நகரத்தில் எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்த்த அத்தனை பேரும் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரிய வேண்டியதாயிற்று.

அந்தச் செல்லுக்கு நியூட்ரோஃபில் என்று பெயர். வெள்ளணுக்களில் முந்திரிக்கொட்டை. உடம்பில் எங்கே கிருமி நுழைந்தாலும் முதல் ஆளாக ஓடிப்போய் நிற்பது அதுதான். ஆனால் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தால் பொழுது சாய்வதற்குள் சோர்ந்துவிடும். உறையவைத்துப் பத்திரப்படுத்தி அடுத்த வாரம் எடுத்துப் பார்ப்போம் என்றால் நடக்காது. ஆகவே காலையில் யாராவது ஒருவர் சட்டைக் கையை மடித்தாக வேண்டும். சூடு ஆறுவதற்குள் சரோல்தா அதை நுண்ணோக்கியின் கீழே வைத்தாக வேண்டும். நுண்ணோக்கி அறை என் பொறுப்பு. அதனால்தான் இந்தக் கதை முழுவதற்கும் நான் பக்கத்தில் இருந்தேன்.

அவள் பார்த்தது இதுதான். சும்மா இருக்கும்போது இந்தச் செல் ஓர் உருண்டை. கிருமியின் வாசனை பட்டதும் விழித்துக்கொள்கிறது. எது தன் முன்பக்கம், எது பின்பக்கம் என்று முடிவு செய்கிறது. பிறகு ஓடுகிறது. காலும் இல்லாமல் கண்ணும் இல்லாமல் இதை எப்படிச் செய்கிறது என்றால், எல்லாம் உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டின் வேலை. எலும்புக்கூடு என்றால் நம்முடையதைப்போல ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான் என்று இருப்பதல்ல. கல்யாணப் பந்தல் மாதிரி, வேண்டிய இடத்தில் நட்டு, வேண்டாத இடத்தில் பிடுங்கி, கணத்துக்குக் கணம் இடம் மாறுவது. ஓடும் திசையில் மெல்லிய இழைகள் பின்னிப் பின்னிச் செல்லின் தோலை முன்னே தள்ளும். நடுவிலிருந்து குடைக்கம்பிகள்போல் விரியும் நுண்குழல்கள், தள்ளுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் தள்ளாமல் பார்த்துக்கொள்ளும். செல் விழிப்பதும் அதனால்தான், வழி தவறாமல் போவதும் அதனால்தான் என்பது சரோல்தாவின் கட்சி. அதை நிரூபித்தால் அவளுக்கு டாக்டர் பட்டம். மே மாதம் லியுப்லியானா மாநாட்டில் மேடை.

எங்கள் பேராசிரியர் ஜிக்மோந்த், அறுபதைத் தாண்டியவர், ஒரு விதி வைத்திருந்தார். யாருடைய ரத்தம் என்பது ஆராய்ச்சி செய்கிறவருக்குத் தெரியக் கூடாது. "தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்," என்பார். "உனக்குப் பிடிச்சவனோட செல்லு வேகமா ஓடற மாதிரி தோணும். பிடிக்காதவனோடது நொண்டும்." அதனால் ரத்தம் எடுக்கும் நர்ஸ் பிரோஷ்கா ஒவ்வொருவருக்கும் ஒரு பறவையின் பெயர் வைத்தாள். ஆந்தை, மரங்கொத்தி, குயில், நாரை என்று. அவரவர் பறவை அவரவருக்கு மட்டும் தெரியும். அதைக் காதோடு காதாகச் சொல்லிவிட்டு, "வெளிய சொன்னா அடுத்த தடவ பெரிய ஊசி," என்பாள்.

இலையுதிர் காலம் முழுக்க எல்லாப் பறவைகளும் ஒழுங்காக இருந்தன. ஜனவரி கடைசியில்தான் நாரை கோணத் தொடங்கியது.

முதலில் சரோல்தா தன்னையே திட்டிக்கொண்டாள். கண்ணாடித் தகட்டை மாற்றினாள். தூண்டில் என்று நாங்கள் சொல்லும் கிருமிச் சரக்கைப் புதிதாகக் கரைத்தாள். நுண்ணோக்கியின் சூடு சரியில்லை என்று என் மேல் பழி போட்டாள். நான் வெப்பமானியைக் காட்டினேன். வேறொரு வெப்பமானி கேட்டாள். அதுவும் அதையே சொன்னது. இதற்கிடையில் ஆந்தையும் குயிலும் மரங்கொத்தியும் அதே தகட்டில், அதே தூண்டிலை நோக்கி, கோடு கிழித்ததுபோல் ஓடின.

வாராந்திரக் கூட்டத்தில் அவள் விஷயத்தை உடைத்தாள்.

"நாரைய எடுத்துடலாம் சார். அது தேறாது."

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தேறாதுன்னா என்னம்மா அர்த்தம்?"

"தூண்டில் இந்தப் பக்கம் இருந்தா அது அந்தப் பக்கம் போகுது. கொஞ்சம் நின்னு யோசிக்குது. அப்புறம் வேற பக்கம் போகுது. எங்க மாமா கல்யாண வீட்ல இருந்து திரும்பி வர்ற மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. அதுக்குன்னு ஒதுக்கிடறதா? பிடிக்காத முடிவைத் தூக்கிப் போடறது விஞ்ஞானம் இல்ல."

"வயசான ஆளா இருக்கும்னு நெனக்கிறேன் சார்."

"வயசுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல," என்றார் பேராசிரியர், தேவைக்கு மேல் வேகமாக. "நாரை இருக்கட்டும்."

நாரை இருந்தது.

அந்த நாட்களில் பேராசிரியர் வலது காலில் ஷூ போடுவதை விட்டுவிட்டு, கம்பளிச் செருப்பில் வந்துகொண்டிருந்தார். டிராம் நிறுத்தத்தில் பனியில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதாகச் சொன்னார். எந்த டிராம் நிறுத்தம் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு நிறுத்தத்தைச் சொன்னார். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. செகெத்தில் பிப்ரவரி என்றால் பாதி ஊர் நொண்டும். போதாததற்கு அவருக்கு இருமலும் பிடித்துக்கொண்டது. படிக்கட்டில் அவர் வருவது அவர் வருவதற்கு முன்பே கேட்டது.

உண்மையில் நடந்தது வேறு. மாக்கோவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவருடைய மைத்துனர் வீட்டில் ஜனவரியில் பன்றி அடித்தார்கள். விடியற்காலையிலேயே பழச்சாராயம், அப்புறம் ரத்தப் பொரியல், மதியத்துக்கு ஈரல் கறி, சாயங்காலம் குடலில் அடைத்த சோற்றுத் தொத்திறைச்சி, கூடவே முட்டைக்கோஸ். அவருக்கு ஏற்கெனவே யூரிக் அமிலம் அதிகம். அவருடைய மனைவி கிஸி, பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டில் இறைச்சியையும் சாராயத்தையும் தடை செய்திருந்தார். பன்றி விருந்துக்குப் பேராசிரியர் போனது, "மைத்துனருக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்ற பெயரில். திரும்பி வந்த மறுநாள் கால் கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியது. போர்வை பட்டால்கூட உயிர் போகும் அந்த வலிக்குக் கவுட் என்று பெயர். மனைவியிடம் டிராம் நிறுத்தக் கதையைச் சொல்லிவிட்டு, மாக்கோவில் மைத்துனருக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் ரகசியமாக மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டார்.

இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது நாரை மட்டும்தான். பிப்ரவரி நடுவில் நாரை முற்றிலும் கெட்டுப்போனது.

ஒரு காலை சரோல்தா என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"டோர்கா, வந்து பாருடி. நான் இன்னும் தூண்டிலே போடல. இதுங்க எழுந்து நடக்குதுங்க."

பார்த்தேன். உருண்டையாக, அமைதியாக இருக்க வேண்டிய செல்கள் நெளிந்து, நீண்டு, வால் இழுத்து, ஆளுக்கொரு பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தன. யாரும் கூப்பிடவில்லை. எங்கே போகிறோம் என்றும் தெரியவில்லை. தூண்டிலைப் போட்ட பிறகும் அதை அவை மதிக்கவில்லை.

"சாயம் போட்டுப் பார்க்கலாம்," என்றேன். "உள்ள பந்தல் எப்படி இருக்குன்னு தெரியட்டும்."

அவள் மீதிச் செல்களை அப்படியே அசையாமல் நிறுத்தி, இழைகளுக்குச் சிவப்பும் நுண்குழல்களுக்குப் பச்சையுமாகச் சாயம் ஏற்றினாள். மதியத்துக்கு மேல் இருட்டு அறையில் இருவரும் திரைக்கு முன் உட்கார்ந்தோம். சிவப்பு இருந்தது, ஏராளமாக, முண்டியடித்துக்கொண்டு இருந்தது. குடைக்கம்பிகள்போல் விரிந்திருக்க வேண்டிய பச்சைதான் இல்லை. நடுவில் ஒரு புள்ளியும், அதைச் சுற்றிக் கொஞ்சம் மூட்டமும். அவ்வளவுதான்.

"நீ மருந்து போட்டியா?" என்று கேட்டேன்.

"என்ன மருந்து?"

"குளிர்ப்பெட்டியில இருக்கே, கோல்கிசின். நுண்குழலைக் கரைக்கிற சரக்கு. தப்பான சீசாவ எடுத்திருப்ப."

அவள் எழுந்து போய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்து சீசாவைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். போன வருஷம் ஒட்டிய முத்திரைகூடக் கிழியவில்லை.

கோல்கிசின் எங்கள் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் இலையே இல்லாமல் ஊதாவாகப் பூக்கும் செடியிலிருந்து வருவது. காந்தள் கிழங்கில் இருக்கும் நஞ்சும் அதேதான். செல்லுக்குள் போனால் குடைக்கம்பிகளைக் கழற்றிவிடும். கம்பி போனால் தள்ளுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி இல்லாமல் போய்விடும்.

மறுநாள் சரோல்தா அந்த முத்திரையைக் கிழித்தாள். மரங்கொத்தியின் செல்களில், நேராக ஓடும் நல்ல செல்களில், மிகக் கொஞ்சமாக அந்த மருந்தைக் கலந்து காத்திருந்தாள். பிறகு படம் எடுத்தோம். நாரையின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம். எது எது என்று கீழே எழுதியிருக்காவிட்டால் நானே மாற்றிச் சொல்லியிருப்பேன்.

"நான் போடல," என்றாள் சரோல்தா மெதுவாக. "அப்ப நாரை சாப்பிட்டுருக்கு."

"இத யாருடி சாப்பிடுவாங்க?"

"கவுட் வந்தவங்க."

கீழே படிக்கட்டில் இருமல் கேட்டது. அதற்குப் பின்னால், ஒரு ஷூவும் ஒரு கம்பளிச் செருப்பும் மாறி மாறி ஏறிவரும் சத்தம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்துவிட்டேன். சரோல்தாவுக்கோ கோபம் தலைக்கேறியது.

"ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி படிவத்துல கையெழுத்துப் போட்டுருக்கார் டோர்கா. 'எந்த மருந்தும் எடுக்கலை'ன்னு. அந்தப் படிவத்த எழுதினதே அவர்தான். எனக்குக் கூட்டத்துல விஞ்ஞானம் சொல்லிக்குடுத்தார். ஒரு மாசமா நான் என்னையே திட்டிக்கிட்டிருக்கேன்."

"சரி, பேசாம விட்டுடு. நாரைக்குச் சளி பிடிச்சிருக்குன்னு ஓரமா வச்சுடு. உன் பட்டம் அவர் கையிலதானே இருக்கு?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் திரையை மறுபடியும் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து கோபம் வடிந்து வேறு ஏதோ வந்தது.

"நான் மரங்கொத்திக்கு எவ்வளவு கலந்தேன்னு தெரியும்ல? கவுட்டுக்கு ஒழுங்கா மாத்திரை போடறவங்க ரத்தத்துல இவ்வளவு இருக்காது. ஜனவரில லேசாத்தான் கோணல் இருந்துச்சு. இப்ப கம்பி ஒண்ணுகூட இல்ல. இது அதிகம்டி. ரொம்ப அதிகம். இந்த மருந்து அதிகமானா ஆளையே கொண்டுபோயிடும்."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் அப்போதே போனாள். தனியாகப் போகப் பயந்தோ என்னவோ, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பேராசிரியர் தன் அறையில் காலை ஒரு காகிதக் கட்டின் மேல் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் காலைக் கீழே இறக்கினார். இறக்கும்போது முகம் சுளித்தது.

"சார், நீங்க எவ்வளவு கோல்கிசின் போடறீங்க?"

இப்படியா கேட்பது என்று நான் அவள் முதுகில் கிள்ளினேன். பேராசிரியர் அசையவில்லை.

"எனக்கு எதுக்கும்மா அது? கணுக்கால் சுளுக்கு."

"நீங்கதான் நாரை."

"யார் எந்தப் பறவைன்னு விசாரிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"இருக்கு சார். மருந்து சாப்பிட்டா ரத்தம் குடுக்கக் கூடாதுன்னும் ஒரு விதி இருக்கு."

பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார், வெளியே ஏதோ அவசரமாக நடப்பதுபோல். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. திஸா ஆற்றுப் பக்கமிருந்து வந்த மூடுபனிதான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கிஸிக்குத் தெரிய வேண்டாம்," என்றார் கடைசியில். "ரத்தம் குடுக்காம நின்னா ஏன்னு கேப்பீங்களேன்னுதான் குடுத்துட்டிருந்தேன். ஒரே ஒரு நாள் பன்றி சாப்பிட்டேன். அதுவும் மைத்துனன் வற்புறுத்தினான்."

"பன்றிய விடுங்க சார். மாத்திரை எத்தன?"

"டாக்டர் சொன்னது தினம் ஒண்ணு. வலிச்சா இன்னொண்ணு போடுவேன்."

"எத்தன தடவ வலிக்கும்?"

"வலிக்குதும்மா," என்றார். அந்த ஒரு சொல்லில் பேராசிரியர் இல்லை. கால் வலிக்கிற ஒரு மனிதர்தான் இருந்தார்.

சரோல்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "வேற எதாவது மாத்திரை போடறீங்களா?"

"ஒண்ணும் இல்ல. இருமலுக்குத்தான். கிஸி போன வாரம் குடும்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. ஆன்டிபயாட்டிக் குடுத்தார்."

"எது?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். சரோல்தா பெயரைப் படித்தாள். என்னிடம் காட்டினாள். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

"அந்த டாக்டர்கிட்ட கோல்கிசின் பத்திச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல? கிஸி பக்கத்துல உட்கார்ந்திருந்தா."

"வயிறு எப்படி இருக்கு சார்?"

"மோசமா இருக்கு. ரெண்டு மூணு நாளா. கேன்டீன் காளான் குழம்பா இருக்கும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "படி ஏறினா தொடையெல்லாம் துவளுது," என்றார்.

சரோல்தா எழுந்தாள். கொக்கியிலிருந்து அவருடைய மேல்கோட்டை எடுத்தாள்.

"எழுந்திரிங்க. எதிர்த்த கிளினிக்குக்குப் போறோம்."

"எனக்கு நாலு மணிக்குக் கூட்டம் இருக்கு."

"கூட்டத்துல உங்களுக்குப் பதிலா யாராவது இருமிக்குவாங்க. டோர்கா, அந்தப் பக்கம் பிடி."

ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தோம். அவர் கனமான மனிதர். பாதி வழியில் நின்று, "ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தோம் என்றோம். "சரியான முறைதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி நொண்டத் தொடங்கினார்.

கிளினிக்கில் இளம் பெண் டாக்டர் ஒருத்தி இரண்டு மாத்திரை அட்டைகளையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு, மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உடம்பு கோல்கிசினைக் கழித்துத் தள்ளுகிற வழியை இந்த ஆன்டிபயாட்டிக் அடைத்துவிடும். தினம் உள்ளே போவது வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். அவர் வேறு, வலித்தபோதெல்லாம் மேலே ஒன்று போட்டிருக்கிறார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் எங்களைக் கேட்டாள். "வயித்துப்போக்குன்னு வந்திருந்தா நாங்களே காளான்னுதான் முதல்ல நெனச்சிருப்போம்."

"இவரோட வெள்ளணுவுக்கு வழி தெரியல," என்றாள் சரோல்தா.

அவரைப் படுக்கையில் சேர்த்து, இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தி, நரம்பில் நீர் ஏற்றினார்கள். ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இறங்கலாம், இறங்காமலும் போகலாம், பார்க்க வேண்டும் என்றாள் டாக்டர். அதைக் கேட்டபோது சரோல்தா சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு மாதமாக நாரையை அவள் என்னவெல்லாம் சொல்லித் திட்டியிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் அது நினைவில் இருந்திருக்க வேண்டும்.

கிஸியம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். குட்டையான, வேகமான பெண்மணி. தொப்பியைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"எந்த டிராம் நிறுத்தம், ஜிகா?"

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூங்கற மாதிரி நடிக்காத. முப்பது வருஷம் பசங்கள மேய்ச்சவ நான். கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போனவன் சட்டையில பூண்டு வாசனையோட வந்தப்பவே எனக்குத் தெரியும். அதச் சொல்லிக் காட்ட வேண்டாம்னு விட்டேன். மாத்திரையை மறைப்பன்னு நெனக்கல."

"உனக்குப் பயந்துதான் கிஸி."

"எனக்குப் பயந்து சாகறதாடா?" என்றார் கிஸியம்மா. அப்புறம்தான் தொப்பியைக் கழற்றினார். கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய நல்ல காலைப் போர்வைக்கு மேலே இரு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் இறங்கி, நின்று, பிறகு ஏறத் தொடங்கியது. அது ஏறிய செய்தி வந்த மத்தியானம் சரோல்தா மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். பேராசிரியர்தான் கேட்டனுப்பியிருந்தார். வேகவைத்த உருளைக்கிழங்கையும் ரஸ்க்கையும் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்தார்.

"என்னோடதப் போடு," என்றார்.

அவள் நாரையின் படத்தை ஓடவிட்டாள். சாம்பல் நிறத் திரையில் அந்தச் செல்கள் எழுந்து, நீண்டு, நின்று, திரும்பி, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அலைந்தன. நாற்பது வருஷமாக மற்றவர்கள் செல்லைப் பார்த்த மனிதர். கூட்டத்தில் பேச்சு வந்தபோது நாரைக்காக வாதாடியவர். ஒரு செல் தூண்டில் பக்கம் கொஞ்ச தூரம் வந்து, தயங்கி, விலகிப் போயிற்று. அவர் விரலை நீட்டி, அதற்கு வழி காட்டுவதுபோலத் திரையைத் தொட்டார்.

"பாவம்," என்றார். "கூப்பிடற சத்தம் இதுக்குக் கேக்குது பாரு. போகத் தெரியல."

பிறகு, "நல்லதா ஒண்ணு போடு," என்றார்.

அவள் குயிலைப் போட்டாள். எல்லாம் ஒரே திசையில், முன்பக்கம் விசிறியாக விரிய, ஓடி வந்தன. பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கிஸியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பள்ளிக்கூட மணி அடிச்ச மாதிரி ஓடுதே. இது யாரோடது?"

"சொல்லக் கூடாது," என்று பேராசிரியரும் சரோல்தாவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அதோடு எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. ஜனவரி முதல் நாரையிடமிருந்து எடுத்த அத்தனையையும் தூக்கிப் போட வேண்டியிருந்தது. மற்றப் பறவைகளையும் விசாரிக்க வேண்டியதாயிற்று. ஆந்தை ஒவ்வாமைக்கு மாத்திரை போடுவது அப்போதுதான் வெளியே வந்தது. மே மாநாட்டுக்குப் போதுமான மாதிரிகள் தேறவில்லை. பேராசிரியர் வேலைக்குத் திரும்பியதும் ஒரு யோசனை சொன்னார்.

"நாரையையே ஒரு முடிவா எழுதிடலாமே சரோல்தா. உடம்புக்குள்ள போன மருந்து வெள்ளணுவோட சட்டகத்த எப்படிக் கலைக்குதுன்னு. யாரும் இவ்வளவு தெளிவா படம் எடுத்ததில்ல. லியுப்லியானாவுல கைதட்டுவாங்க."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சரோல்தா தலையை ஆட்டினாள்.

"எவ்வளவு போட்டீங்க, என்னிக்குப் போட்டீங்கன்னு உங்களுக்கே தெரியாது. மருந்து ஆராய்ச்சிக்குன்னு சம்மதம் வாங்காம எடுத்த படம். படிவத்துல பொய். இத நான் மேடையில சொன்னா, முதல் கேள்வியிலேயே எறங்க வேண்டியதுதான். நீங்க கேள்வி கேட்கற இடத்துல இருந்தா விடுவீங்களா?"

"விடமாட்டேன்," என்றார் பேராசிரியர்.

"அப்புறம்?"

அவர் அடுத்த கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், பாதி சாப்பிட்ட பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான்தான் நாரை, கையெழுத்துப் போட்டு ஏமாற்றினேன், ஒரு பெண்ணின் அரை வருஷ உழைப்பைக் கெடுத்தேன், அவள் எனக்கு உயிர் கொடுத்தாள் என்று சொன்னார். அழகாகப் பேசத் தெரிந்தவர்தான். அன்று அழகாகப் பேசவில்லை, நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினார். பிரோஷ்கா வாசல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு முதல்லயே சொல்லியிருந்தா ஊசியே போட்டிருக்க மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

சரோல்தா அவரிடம் ஒரு மாதம் அளந்துதான் பேசினாள். மாநாட்டு வாரம் வந்தபோது, லியுப்லியானாவுக்குப் போன மற்றவர்கள் ஆற்றங்கரையில் எடுத்த போட்டோக்களை அனுப்பினார்கள். அவள் அவற்றைப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தகடுகளைக் கழுவப் போனாள். அந்த வாரம் முழுக்கப் பேராசிரியர் காலையில் அவளுக்கு முன்பே வந்து, தூண்டில் கரைசலைத் தானே கலந்து, தகட்டைச் சூடேற்றி வைத்துவிட்டுப் போனார். அவள் முதல் நாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தாள். இரண்டாம் நாளும் கொட்டினாள். அப்புறம் கொட்டவில்லை.

கோடையில் வேலை சூடுபிடித்தது. ரத்தம் கொடுக்க ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டுக் கிஸியம்மா தானாகவே வந்து சட்டைக் கையை மடித்தார். அவருக்கு என்ன பறவை என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஆனால் அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த மீன்கொத்தியின் செல்கள், தூண்டிலைப் போடப் போட, ஒன்றுகூடப் பின்வாங்காமல் கிளம்பிப் போயின. சரோல்தா படத்தை நிறுத்தி, "யாரோ இவங்கள நல்லா மிரட்டி வளர்த்திருக்காங்க," என்றாள். நாரையின் இடம் காலியாகவே இருந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை பேராசிரியர் ஒரு ஷூவும் ஒரு செருப்புமாகப் படியேறி வந்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, பனியில் வழுக்கியதாகச் சொல்ல வழியில்லை. நேராக நுண்ணோக்கி அறைக்கு வந்து, கதவைத் தட்டிவிட்டு நின்றார்.

"நேத்து திஸாக்கரையில மீன் சூப் குடிச்சேன். ரெண்டு கிண்ணம். கிஸியும் கூட இருந்தா," என்றார். "காலையில ஒரு கோல்கிசின் போட்டிருக்கேன். டாக்டருக்கும் சொல்லியாச்சு. வேற மாத்திரை எதுவும் இல்ல."

சரோல்தா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வலிக்குதா சார்?" என்று கேட்டாள்.

"வலிக்குதும்மா."

அவள் எழுந்து, தன் நாற்காலியை அவரிடம் தள்ளிவிட்டு, காலை வைத்துக்கொள்ள இன்னொன்றை இழுத்துப் போட்டாள்.